தீபாவளிக்கு வந்த பரிசைக் கடையில் மாற்றலாமா? என் அனுபவம்

2024 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சிங்கப்பூர் ஈசூனில் அம்மா வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் பழைய போர்வைகளுக்கு அடியில் ஒரு கடைப் பை கிடந்தது. பிரித்துப் பார்த்தால், 2022 தீபாவளிக்கு நான் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. விலைச்சீட்டு தொங்குகிறது. முந்தானையைச் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து, ஊதா நிறப் பட்டில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பையின் அடியில் ஒரு துண்டுத் தாள் கிடந்தது, எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை. அது ரசீது. எழுத்தெல்லாம் மறைந்துபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கடைப் பெயரின் நிழல் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ ஆசையா எடுத்துக் கொடுத்தே. ரொம்பக் கனம்மா. கட்டினா முட்டிவலியோட நடக்க முடியல. அதை எப்படி உன்கிட்ட வந்து சொல்றது?" என்றார்.

அந்தப் புடவை 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்த 260 வெள்ளியைவிட, இரண்டு வருடமாக நான் கேட்கும்போதெல்லாம் "கட்டிக்கிறேன், கட்டிக்கிறேன்" என்று அம்மா சொல்லிச் சமாளித்ததுதான் மனதைப் பிசைந்தது. வாங்கிய வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் தேக்கா கடைத்தெருவுக்குப் போய் லேசான புடவையாக மாற்றி, வரும் வழியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்திருப்போம். அன்றைக்கு முடிவு செய்தேன், பரிசு பொருந்தவில்லை என்றால் சொல்லிவிடுவது, மாற்றிக்கொள்வது, மற்றவர் சொன்னாலும் வருத்தப்படாமல் ரசீதை எடுத்துக் கொடுப்பது என்று. அதற்கு அப்புறம் நடந்தவற்றில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

எங்கள் வீடு செங்காங்கில். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்று நாம் சொல்லும் அந்த இரும்புக் கதவு அறை இருக்கிறதே, அதில் ஆபத்துக்காலத்துக்கு ஒதுங்க இடமே இல்லாமல் பரிசுகளாக அடுக்கி வைத்திருந்தோம். போர்வை செட் மூன்று, கண்ணாடிக் கிண்ணங்கள், பிரிக்காத இஸ்திரிப் பெட்டி, இரண்டு சைஸ் சின்னதாகிவிட்ட குர்தா. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வேலை முடிந்து கூட்டத்தில் வரிசையில் நின்று நமக்காக வாங்கியது. அதை இருட்டு அறையில் போட்டுப் பூட்டி வைப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையா என்று முதல்முறையாக யோசித்தேன்.

அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, ஏர் ஃபிரையர் கொண்டுவந்து கொடுத்தார். எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக என்றால் "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்று சொல்லி ஷெல்ட்டருக்கு அனுப்பியிருப்பேன். இந்த முறை மறுநாள் காலையில் போன் செய்து, "அண்ணி, நீங்க பார்த்துப் பார்த்து வாங்கினது புரியுது. ஆனா வீட்டில ஒண்ணு இருக்கு. உங்களுக்குச் சரின்னா மாத்திட்டு வேற எடுத்துக்கட்டுமா? ரசீது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். சொல்லும்வரை நெஞ்சு படபடத்தது. அண்ணி ஒரு நொடி அமைதியாகிவிட்டு, "நேத்தே சொல்லியிருக்கலாமே, ரசீது கைப்பையிலேயே இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் பயந்ததற்கு அர்த்தமே இல்லை.

ஆனால் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. வாங்கியது அக்டோபர் 12. கடையில் மாற்றிக்கொள்ள 14 நாள். அது வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது, பரிசு நம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. அதாவது அக்டோபர் 26-ஆம் தேதியே கெடு முடிந்துவிட்டது, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே. கிறிஸ்துமஸ் என்றால் சில கடைகள் ஜனவரி வரைகூட மாற்றும் நாளை நீட்டி அறிவிக்கின்றன. தீபாவளிக்கு அப்படி ஒரு அறிவிப்பை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கடைசி வாரக் கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே வாங்கி வைக்கிற நல்ல பழக்கமே இங்கே நம்மை மாட்டிவிடுகிறது. அதனால் இப்போது நான் பரிசு வாங்கும்போது கல்லாவிலேயே கேட்டுவிடுகிறேன்: "இது தீபாவளிப் பரிசு, பண்டிகை முடிந்து மாற்ற முடியுமா?" முடியும் என்றால் ரசீதில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன். வாய் வார்த்தை போதாது. நாம் திரும்பிப் போகும்போது அந்தப் பணியாளர் விடுப்பில் இருப்பார்.

சரி, கெடு முடிந்தும் போய்ப் பார்ப்போம் என்று நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த அரைமணியில் போனோம். அண்ணியும் வந்தார். இதை நான் முக்கியமாகச் சொல்வேன்: வாங்கியவரை முடிந்தவரை கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்குத் தெரிந்த ஆள் அவர்தான், பணம் கொடுத்தது அவர், உறுப்பினர் அட்டையும் அவர் பெயரில். நேரமும் முக்கியம். சனி, ஞாயிறு மாலையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எந்தப் பணியாளருக்கும் விதியைத் தாண்டி யோசிக்க நேரம் இருக்காது.

கவுன்டரில் இருந்தது ஒரு சீனப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெட்டியை வாங்கி நான்கு பக்கமும் திருப்பினார். மேல்மூடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் தடவி, தூக்கி மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பக்கவாட்டில் இருந்த வரிசை எண்ணைக் கணினியில் ஒப்பிட்டார். வண்ணத்தாளை நாங்கள் பிரித்தபோது பெட்டியின் ஒரு மூலை லேசாகக் கிழிந்திருந்தது, அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மேலாளர் வந்ததும் நான் கதை எதுவும் சொல்லவில்லை. தீபாவளிப் பரிசு, இரண்டாவது ஏர் ஃபிரையர், டேப் பிரிக்கவில்லை, கெடு பத்து நாள் தாண்டிவிட்டது தெரியும், பணமாக வேண்டாம், இதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ள விடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், சரி என்றார். கடைக் கடன் சீட்டு ஒன்று, 90 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே அதில் இட்லி வேகும் அளவுக்குப் பெரிய ஸ்டீமர் எடுத்துக்கொண்டேன். சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தால் 91-ஆவது நாள்தான் நினைவு வந்திருக்கும்.

பிடிக்கவில்லை, இருக்கிறது, சைஸ் பத்தவில்லை என்பதற்காகத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சிங்கப்பூரில் கடைக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. அது முழுக்கக் கடையின் கொள்கை. சில கடை 7 நாள், சில கடை 14 நாள், சில கடை ஒரு மாதம், சில கடை கிடையவே கிடையாது. ஆகவே அங்கே நாம் கேட்பது ஒரு உதவி. அந்த நினைப்போடு கவுன்டரில் நின்றால் குரல் தானாகவே தணிந்துவிடும், காரியமும் நடக்கும். பொருள் பழுதாக இருந்தால் மட்டும் கதையே வேறு. அதற்கு வருகிறேன்.

பணத்தைப் பற்றி ஒன்று. பணமாகவே திருப்பித் தந்தால்கூட, பெரும்பாலும் எந்த வழியில் கட்டினார்களோ அந்த வழியில்தான் போகும். அண்ணி கடன் அட்டையில் கட்டியிருந்தால் அண்ணியின் அட்டைக்கு, அதுவும் சில நாள் கழித்து. அப்புறம் அவர் நமக்குக் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்ப வேண்டும், நாம் அதை ஞாபகப்படுத்த வேண்டும், இதெல்லாம் சொந்தத்துக்குள் சங்கடம். பரிசுப் பொருளுக்குப் பணம் கேட்பதைவிட மாற்றுப் பொருள் கேட்பதே நிம்மதி என்பது என் கருத்து.

துணிமணியில் நாம் அவசரப்பட்டுத்தான் கெடுக்கிறோம். புடவை வந்த அன்றைக்கே ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பது, ஓரத்தில் இருக்கும் ரவிக்கைத் துண்டை வெட்டுவது, சட்டையின் அட்டையைக் கிழித்துவிட்டுப் போட்டுப் பார்ப்பது. கத்தரிக்கோல் பட்ட புடவையை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார், எடுக்கச் சொல்வதும் நியாயம் இல்லை. குழந்தைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அட்டையோடு, சாம்பிராணி போடாத அறையில், எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு இல்லாமல் போட்டுப் பாருங்கள். தீபாவளி அன்று காலையில் இது நடக்கிற காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும், நல்லெண்ணெய்க் கறை பட்டு ஒரு குர்தா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. உள்ளாடை, காதணி, திறந்த வாசனைத் திரவியம், முகப்பூச்சு, தின்பண்டம் இவற்றைச் சுகாதாரக் காரணத்துக்காக மாற்ற மாட்டார்கள். தள்ளுபடியில் வாங்கியதையும் பல கடைகள் மாற்றுவதில்லை. கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது பழுதான பொருளுக்கு வருகிறேன்.

என் தம்பி பொங்கோலில் புது வீடு போயிருந்தான். அந்தத் தீபாவளிக்கு அவன் மனைவிக்கு நான் ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். டிசம்பர் நடுவில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனால் சமையலறையில் பழைய மிக்ஸி ஓடுகிறது. புதியது எங்கே என்று கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் தடவை உளுந்து அரைத்தபோதே கருகிய வாடை வந்திருக்கிறது, வீட்டு மின்சாரமே டிரிப் ஆகிவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி டிரிப். "ஏண்டா சொல்லலை?" என்றேன். "அக்கா வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்ற மாதிரி ஆயிடும்னு அவ சொன்னா" என்றான். அம்மாவின் புடவைதான் எனக்கு ஞாபகம் வந்தது. மின்சாரத்தில் பழுதான ஒரு சாமானை மரியாதைக்காக வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து.

ரசீது என்னிடம் இருந்தது. முந்தைய பாடத்தால், வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். கடை ரசீதுகள் பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழும் தாள். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சில மாதங்களிலேயே மங்கிவிடும். கைப்பையில் தைலக் குப்பியோடு போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். படம் எடுப்பது ஐந்து வினாடி வேலை.

கடைக்குப் போனால், அது ஒரு நடுத்தர அளவு மின்சாதனக் கடை, பணியாளர் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். அதோடு உற்பத்தியாளரின் சேவை நிலையத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள் என்றார். பலரும் இங்கேதான் திரும்பி வந்துவிடுகிறார்கள். நானும் முன்பாக இருந்தால் வந்திருப்பேன்.

லெமன் சட்டம் என்று இங்கே சொல்கிறோமே, அது 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதி. கடை பொருளைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குறை தெரியவந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்த்துத் தரவோ புதிது மாற்றித் தரவோ கேட்கலாம். அதை நியாயமான நேரத்துக்குள், நமக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் செய்யவில்லை என்றால் விலையில் ஒரு பகுதியைக் குறைக்கவோ, பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் பழுதான பொருள் விஷயத்தில் இந்த உரிமை போகாது. நாம் கீழே போட்டு உடைத்தது, தவறாகப் பயன்படுத்தியது, வாங்கும்போதே குறை தெரிந்து வாங்கியது இவற்றுக்குப் பொருந்தாது. மனம் மாறியதற்கும் பொருந்தாது. அண்ணியின் ஏர் ஃபிரையருக்கு இந்தச் சட்டத்தைப் பேசியிருந்தால் அது தவறு.

நான் சத்தம் போடவில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். தம்பி மனைவி மிக்ஸியைப் போடுவதும் வீடே இருட்டாவதும் பதிவான இருபது வினாடிக் காணொளியைக் காட்டினேன். அது கிளம்பும் முன் நான்தான் எடுக்கச் சொன்னேன், ஒருமுறைதான் போட்டோம், அதற்குமேல் போட்டுச் சோதிக்காதீர்கள். ரசீது, பெட்டி, உள்ளே இருந்த ஜாடிகள், உத்தரவாத அட்டை எல்லாம் கவுன்டரில் வைத்தேன். "ஆறு வாரம்தான் ஆகிறது, பொருள் பழுது, லெமன் சட்டப்படி மாற்றித் தாருங்கள்" என்றேன். மேலாளர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இரண்டு வாரம் பழுதுபார்க்க விடுங்கள் என்றார். மின்சாரம் சம்பந்தப்பட்டது, பழுதுபார்த்ததை நம்பி அரைக்க என் தம்பி மனைவிக்குத் தைரியம் வராது, மாற்றித் தருவதே சரி என்று மறுபடி அதே குரலில் சொன்னேன். பேசியதைச் சுருக்கமாக எழுதி, பணியாளர் பெயர், தேதியோடு மின்னஞ்சலாகவும் கடைக்கு அனுப்பினேன். நான்காம் நாள் புதிய மிக்ஸி கிடைத்தது.

கடை அசையவே இல்லை என்றால் என்ன செய்வது என்று அப்போதே பார்த்து வைத்திருந்தேன். கேஸ் என்று நாம் சொல்லும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். 1971-இல் தொடங்கியது, கடைக்கும் நமக்கும் நடுவில் பேசித் தீர்க்க உதவுவார்கள். அது நீதிமன்றம் இல்லை, கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்கக் கூடாது, நாமே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. ஒரு மிக்ஸிக்கு மன்றம் வரை போக மாட்டோம்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தொலைக்காட்சியோ சோபாவோ வாங்கிக் கொடுத்தவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும் சாமான்களுக்கு இந்த வழி எதுவும் இல்லை. சென்னையிலிருந்து மாமா அன்போடு தூக்கிக்கொண்டு வரும் கிரைண்டரின் பிளக்கே இங்கே பொருந்தாது, உத்தரவாதமும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். வரும் முன்னே "மாமா, அங்கிருந்து வத்தல், பொடி கொண்டுவாங்க, சாமான் வேண்டாம்" என்று சொல்லிவிடுவதே நல்லது. இங்கே விற்கும் ரைஸ் குக்கர், கெட்டில் போன்றவற்றில் சேஃப்டி மார்க் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்கு வேறு கணக்கு. என் மகளுக்கு அவள் அத்தை போட்ட மோதிரம் விரலில் ஏறவில்லை. மாற்றி வேறு எடுக்கலாம் என்றுதான் சிராங்கூன் சாலைக்குப் போனோம். கடை அண்ணன் தராசில் வைத்துக் கணக்கைப் பொறுமையாகச் சொன்னார். திருப்பிக் கொடுத்தால் அன்றைய விலைக்குத் தங்கத்தின் எடைக்குத்தான் பணம். செய்கூலி வராது, வாங்கும்போது கட்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் வராது, புதிய மோதிரத்துக்கு இரண்டையும் மறுபடி கட்ட வேண்டும். "அளவு மட்டும் பெருசு பண்ணித் தரேன் தங்கச்சி, அதுதான் உங்களுக்கு லாபம்" என்றார். அரை மணி நேரத்தில் கையில் வந்துவிட்டது. விற்க வேண்டியவரே வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரிடம்தான் இப்போதும் நாங்கள் போகிறோம்.

இணையத்தில் வாங்கி நம் வீட்டு முகவரிக்கு நேராக அனுப்பும் பரிசு இப்போது கூடிவிட்டது. அதைத் திருப்புவதற்கான விண்ணப்பம் வாங்கியவரின் கணக்கிலிருந்துதான் போக முடியும். ஆகவே பொட்டலம் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். அவர் பொருள் கிடைத்துவிட்டது என்று செயலியில் அழுத்தி முடித்துவிட்டால் அப்புறம் சிரமம். மேலே ஒட்டிய பட்டைக்குறியோடு பொட்டலத்தை இரண்டு நாள் வைத்திருங்கள்.

எதுவும் முடியாத பொருள்களும் இருக்கும். அந்த மூன்று போர்வை செட்டில் ரசீது கிடைக்காத இரண்டை, வீட்டுப் பொருள்களை விற்கும் செயலியான கேரோசலில் போட்டேன். செங்காங் எம்ஆர்டி கேட் பக்கத்தில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கொடுத்தவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். கேரோசலில் நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள், படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும். இஸ்திரிப் பெட்டியை எங்கள் புளோக்கில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்தோம். பிரிக்காத பிஸ்கட், பருப்பு, எண்ணெய் எல்லாம் காலாவதி நாள் நெருங்கும் முன்பே, இல்லாதவர்களுக்கு உணவு சேர்க்கும் ஃபுட் பேங்க் பெட்டியில் போய்விட்டது. ஒருவர் கொடுத்ததை மறுபடி பொதிந்து இன்னொருவருக்குக் கொடுப்பதை மட்டும் நான் விட்டுவிட்டேன். ஒருமுறை கூடைக்குள் பழைய வாழ்த்து அட்டை இருந்ததைக் கவனிக்காமல் கொடுத்து, வாங்கியவர் எதுவும் கேட்காமல் அந்த அட்டையை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன், நானும் கொடுப்பவள்தானே. ரசீதை ஒளிக்காதீர்கள். விலை தெரிய வேண்டாம் என்றால், சில பெரிய கடைகளில் கேட்டால் விலை போடாத பரிசு ரசீது தருகிறார்கள். சின்னக் கடையில் விலைப் பகுதியை மடித்து ஒட்டி, ஒரு உறையில் போட்டுப் பொருளோடு வையுங்கள். கொடுக்கும்போதே "சைஸ் சரியில்லன்னா இந்தத் தேதிக்குள்ள மாத்திக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல்தான் அம்மாவின் புடவை இரண்டு வருடம் போர்வைக்கு அடியில் கிடந்தது.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. 18-ஆம் தேதி தேக்காவில் அம்மாவுக்கு ஒரு மென்பட்டு எடுத்தேன். கடைப் பையனிடம் கேட்டு, ரசீதின் பின்பக்கம் 25/10 வரை மாற்றலாம் என்று பேனாவால் எழுதி வாங்கினேன். அம்மாவிடம் கொடுக்கும்போது ரசீதையும் கையில் கொடுத்துச் சொன்னேன். அம்மா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை இரவு போன் வந்தது. "பாப்பா, கோவிச்சுக்காதே. கலர் கொஞ்சம் அடிக்குது. மாத்திக்கலாமா?" என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

தீபாவளி முடிந்த தேக்கா தனி அழகு. வளைவுகளில் விளக்கு அலங்காரம் இன்னும் இருக்கிறது, கூட்டம் மட்டும் கரைந்துவிட்டது. கடையில் எங்களைத் தவிர இரண்டே பேர். பையன் மென்பட்டை விரித்து மடிப்பு, விலைச்சீட்டு, ரவிக்கைத் துண்டு எல்லாம் சரிபார்த்துவிட்டு, "எடுத்துக்கங்கம்மா, எது வேணும்னாலும் பாருங்க" என்றான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு புடவையையும் கையில் தூக்கி எடை பார்த்தார். கடைசியில் அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிப் பருத்திப் புடவை. மென்பட்டைவிட விலை குறைவு, மீதி 38 வெள்ளிக்குப் பணம் தர முடியாது என்றார்கள், அதற்கு இரண்டு ரவிக்கைத் துணியும் ஒரு உள்பாவாடையும் எடுத்துக்கொண்டோம்.

பையன் புதிய ரசீதை நீட்டினான். நான் வாங்கப் போனேன். அம்மா முந்திக்கொண்டு அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் கல்லாமேல் வைத்து, "இதுக்கும் ஒரு தேதி எழுதிக் குடு தம்பி" என்றார்.